மாதம் 75 மணி நேர வேலைக்கு சொந்த ஜேசிபி கட்டுப்படியாகுமா?

கேள்வி: வணக்கம் அண்ணா. வயது 36, கொடுங்கையூரில் சின்ன அளவில் காண்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறேன். அஸ்திவாரம், காம்பவுண்ட் சுவர், கழிவுநீர் வீட்டு இணைப்பு, பழைய வீடு இடிப்பு, நடுவில் மழைநீர் வடிகால் வேலையில் சப் காண்ட்ராக்ட் என்று ஓடுகிறது. முக்கால்வாசி வேலை வியாசர்பாடி, பெரம்பூர், கொடுங்கையூர் பக்கம், மிச்சம் மணலி புதுநகர், மீஞ்சூர். மாதம் சராசரியாக 75 மணி நேரம் ஜேசிபி வாடகைக்கு எடுக்கிறேன், டீசல், ஆபரேட்டர் சேர்த்து மணிக்கு 1,200 ரூபாய். மாதம் 90,000 ரூபாயை யாருக்கோ கொடுக்கிறோமே என்று வயிறு எரிகிறது. புது வண்டிக்கு ஆன்ரோடு 38 லட்சம் கொட்டேஷன் வந்திருக்கிறது, 8 லட்சம் கட்டினால் மீதி 30 லட்சம் லோன், 11 சதவீதம், 48 மாதம். மாதவரத்தில் 2018 மாடல் ஒன்று 17 லட்சத்துக்குச் சொல்கிறார்கள், அதற்கு 12 லட்சம் லோன், 15 சதவீதம், 36 மாதம். என் மச்சான், ஜேசிபி காலம் முடிந்துவிட்டது, மினி எக்ஸ்கவேட்டர் (தோண்டுகிற சின்ன வண்டி) வாங்கு என்கிறார். கையில் 3 லட்சம் இருக்கிறது, மீதிக்கு வீட்டு நகையை வைக்கலாம் என்று யோசனை. என்ன செய்யட்டும்?

பதில்:

வணக்கம் தம்பி. சுற்றி வளைக்கவில்லை, இப்போதைக்கு வாங்க வேண்டாம். புதுசும் வேண்டாம், அந்த 2018-ம் வேண்டாம். ஆனால் உங்கள் மச்சான் சொல்வதும் சரியில்லை. ஜேசிபி காலம் முடிந்துவிட்டது என்கிறவர் ஒரு நாள் காலை மூலக்கடை சிக்னலில் நின்று, செங்குன்றம் பக்கமும் மணலி பக்கமும் எத்தனை மஞ்சள் வண்டி போகிறது என்று எண்ணிப் பார்க்கட்டும். வண்டியில் கோளாறு இல்லை. உங்கள் மணிக்கணக்குதான் இன்னும் போதவில்லை.

மாதம் 90,000 போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பணத்துக்குள் டீசல் இருக்கிறது, ஆபரேட்டர் சம்பளம் இருக்கிறது, ஹோஸ் வெடித்தால் ராத்திரி பத்து மணிக்கு ஓடுகிற ஓட்டம் இருக்கிறது. வண்டி வாங்கினால் அது எல்லாமே உங்கள் தலைக்கு வரும். சரி, கணக்கைப் போட்டுப் பார்ப்போம். புது வண்டிக்கு 30 லட்சம், 11 சதவீதம், 48 மாதம் என்றால் ஈஎம்ஐ சுமார் 77,500. ஆபரேட்டருக்குச் சம்பளம் 25,000, பேட்டா மாதம் 7,500 என்று வையுங்கள், இதற்குக் குறைத்து ஆள் வைத்தால் என்ன ஆகும் என்பதைப் பின்னால் சொல்கிறேன். இன்சூரன்ஸ், டாக்ஸ், எஃப்சி எல்லாவற்றையும் மாதத்துக்குப் பிரித்தால் 5,000 வையுங்கள். ஆக வண்டி ஒரு அங்குலம் நகராமல் நின்றாலும் மாதம் 1,15,000 ரூபாய் போகும். அப்புறம் ஓடுகிற செலவு. மணிக்கு 5 லிட்டர் டீசல் என்றால், லிட்டர் 92 ரூபாய் என்று வைத்தால் 460 ரூபாய். ஆயில், ஃபில்டர், டயர், மூட்டுகளில் தேய்கிற பின், புஷ், பக்கெட் பல் எல்லாம் சேர்த்து மணிக்கு 140 வையுங்கள். மணிக்கு 600 ஆயிற்றா? நீங்கள் இப்போது கொடுக்கிற 1,200-ல் மீதி 600. அந்த 600 ரூபாயைக் கொண்டு 1,15,000-ஐ அடைக்க வேண்டும் என்றால் மாதம் 192 மணி நேரம் ஓட வேண்டும். மாதம் 26 நாள், தினமும் ஏறக்குறைய ஏழரை மணி நேரம், ஒரு நாள் விடாமல். உங்களிடம் இருப்பது 75. மீதி 117 மணி நேரத்துக்கு நீங்கள் வாடகைக்கு ஆள் தேட வேண்டும், அதாவது இன்று உங்களுக்கு வண்டி கொடுக்கிறவர் பிழைப்பையே நீங்களும் செய்ய வேண்டும்.

வெளியே விடாமல் உங்கள் வேலைக்கு மட்டும் வைத்துக்கொண்டால், 1,15,000-உம் 75 மணி நேர ஓட்டச் செலவு 45,000-உம் சேர்ந்து 1,60,000. இன்று 90,000 கொடுப்பதற்கே வயிறு எரிகிறது என்கிறீர்கள்.

பழைய வண்டிக் கணக்கு இன்னும் சுவாரசியம். 12 லட்சத்துக்கு 15 சதவீதத்தில் ஈஎம்ஐ சுமார் 41,600. ஆபரேட்டரும் இன்சூரன்ஸும் அதே 37,500. பழைய வண்டி ரிப்பேர் கூடக் கேட்கும், ஓட்டச் செலவை மணிக்கு 700 என்று வைத்தால் 75 மணி நேரத்துக்கு 52,500. இப்போது 37,500-ஐயும் 52,500-ஐயும் கூட்டிப் பாருங்கள். சரியாக 90,000. அதாவது உங்கள் வேலை டீசலையும் ஆபரேட்டரையும் ரிப்பேரையும் மட்டும் தாங்குகிறது, கடனில் ஒரு ரூபாயைக்கூடத் தாங்கவில்லை. ஈஎம்ஐ முழுவதும் கைக்காசிலிருந்து போகும். இதை நான் எதிர்பார்த்துப் போடவில்லை, எண்கள் அப்படி வந்து விழுந்தன.

வண்டியை நான்கு வருஷம் கழித்து விற்றால் பணம் வருமே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பேக்ஹோவுக்கு, அதாவது ஜேசிபி வகை வண்டிக்கு, மறுவிற்பனை விலை நன்றாகவே நிற்கும், ஏனென்றால் எந்த ஊரிலும் வாங்க ஆள் உண்டு, எந்த மெக்கானிக்கும் கை வைப்பார், பின்னும் புஷ்ஷும் மூலை முடுக்குக் கடையிலும் கிடைக்கும். 38 லட்சத்து வண்டி நான்கு வருஷத்தில் 20 லட்சத்துக்குப் போகிறது என்று வைத்துக்கொண்டாலும், தேய்மானம் 18 லட்சம், வட்டி சுமார் 7.2 லட்சம், 48 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 52,500. ஆபரேட்டர், இன்சூரன்ஸ் 37,500-ஐயும் சேர்த்தால் 90,000, அப்படிப் பார்த்தாலும் 150 மணி நேரம் ஓட வேண்டும். அதோடு அந்த 20 லட்சம் நான்காவது வருஷக் கடைசியில் வருகிற பணம், ஈஎம்ஐ ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி வருகிற விஷயம். இந்த வித்தியாசத்தில்தான் வண்டியைப் பறிகொடுத்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கணக்குப்படி லாபத்தில் இருந்தார்கள், கையில்தான் காசில்லை.

இதே கணக்கில் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. கடன் முடிந்த புது வண்டிக்கு அந்த 37,500-ஐ மட்டும் அடைத்தால் போதும், மாதம் 63 மணி நேரம் ஓடினாலே நஷ்டம் வராது. உங்கள் 75 அங்கே லாபம். அதனால்தான் பத்து வருஷமாக ஒரே வண்டியை வைத்து நிம்மதியாகப் பிழைக்கிற பெரியவர்களை வடசென்னையில் பார்க்கலாம். அவர்களைப் பார்த்துத்தான் நமக்கும் ஆசை வருகிறது, அவர்கள் கடன் கட்டிய அந்த நான்கு வருஷத்தை நாம் பார்த்ததில்லை.

இப்போது மச்சான் விஷயத்துக்கு வருகிறேன். ஜேசிபி என்பது ஒரு கம்பெனியின் பெயர், ஜோசப் சிரில் பாம்ஃபோர்ட் என்ற ஆங்கிலேயரின் முதல் எழுத்துகள். முன்னால் லோடர், பின்னால் தோண்டுகிற கை என்று இரண்டையும் ஒரே வண்டியில் வைத்து 1953-ல் கொண்டு வந்தார்கள். இந்தியாவில் ஹரியானா பல்லப்கரில் 1979-ல் தொழிற்சாலை போட்டார்கள், அதற்குப் பிறகு எந்தக் கம்பெனி பேக்ஹோ செய்தாலும் நமக்கு அது ஜேசிபிதான். (நம் செய்தித்தாள்களில் பாதி இன்னும் பொக்லைன் என்றே எழுதும். அதுவும் ஒரு பிரெஞ்சு கம்பெனியின் பெயர், அவர்கள் பேர்போனது சுற்றிச் சுழலும் எக்ஸ்கவேட்டருக்கு. கொட்டேஷனில் யாராவது பொக்லைன் என்று எழுதினால் எந்த வண்டி என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள், மணி ரேட் மாறும்.)

இந்த வண்டியின் பலம் தோண்டுவதில் இல்லை. தோண்டுவதில் எக்ஸ்கவேட்டர் இதை எப்போதும் ஜெயிக்கும். இதன் பலம் மூன்று வேலையை ஒரே ஆள், ஒரே வண்டியில் முடிப்பது. மாதவரத்திலிருந்து மணலி புதுநகருக்கு லாரி இல்லாமல் தானே ரோட்டில் ஓடிப் போகும், பின்பக்கம் பதினைந்து அடி வரை தோண்டும், முன்பக்கம் திரும்பி மண்ணை அள்ளி டிப்பரில் போடும், போகும்போது மேடு பள்ளம் நிரவிவிட்டும் போகும். முன் பக்கெட் 1.1 கன மீட்டர், நம் கணக்கில் கிட்டத்தட்ட 39 கன அடி. ஒரு யூனிட் (100 கன அடி) மண்ணுக்கு இரண்டரை பக்கெட். பின் பக்கெட்டில் அதே ஒரு யூனிட்டை அள்ள பதினொரு வாட்டி போட வேண்டும். ஆகவே உங்களைக் கேட்கிறேன், நீங்கள் எடுக்கிற 75 மணி நேரத்தில் முன் பக்கெட் எத்தனை மணி நேரம் வேலை செய்கிறது? மணலி புதுநகர், மீஞ்சூர் மனைகளில் கிராவல் அடிப்பது, நிரப்புவது, இடித்த ரப்பிஷை ஏற்றுவது என்றால் அது அதிகமாக இருக்கும், அங்கே ஜேசிபிக்கு ஈடு கிடையாது. வியாசர்பாடி சந்தில் வீட்டு இணைப்புக்கு நாலடி குழி எடுக்கிற வேலையில், முன் பக்கெட் சும்மா சுமையாகத்தான் தொங்குகிறது.

அந்த ஏழரை டன் வண்டி சந்துக்குள் நுழைவதே பாதி வேலை. பத்தடி சந்தில் ஒரு பைக் நின்றாலே ஆபரேட்டர் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்பார், மீட்டர் ஓடிக்கொண்டிருக்கும். நுழைந்துவிட்டால் தெருவே அடைந்துவிடும், பக்கத்தில் டிப்பர் நிறுத்த இடம் இருக்காது, மண்ணை அங்கேயே குவித்து அப்புறம் இரண்டாவது தடவை அள்ள வேண்டும். பின் கையை இடமும் வலமும் நகர்த்திச் சுவர் ஓரமாகத் தோண்டலாம் என்பது உண்மை, காம்பவுண்ட் வேலைக்கு அது பெரிய வசதி. ஆனாலும் பின் கை அரைவட்டம்தான் சுற்றும். மூன்று டன் மினி முழுவட்டம் சுற்றும், தன் அகலத்துக்குள்ளேயே திரும்பும். உங்கள் முக்கால்வாசி வேலை இந்தச் சந்துகளில் என்றால் மச்சான் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது.

மீதிப் பாதி அவருக்குத் தெரியவில்லை. மினி ரோட்டில் ஓடாது. கொடுங்கையூரிலிருந்து பெரம்பூர் போக ஒரு லாரி, திரும்பி வர ஒரு லாரி. காலையில் இரண்டு மணி நேரம் இங்கே, மத்தியானம் இரண்டு மணி நேரம் அங்கே என்று உங்களைப் போலத் துண்டு துண்டாக வேலை செய்கிறவருக்கு, அந்த ஏற்றி இறக்குகிற செலவு லாபத்தைத் தின்றுவிடும். பகலில் மெயின் ரோட்டில் லாரிக்கு நேரக் கட்டுப்பாடு வேறு. மண்ணைத் தூக்கிக்கொண்டு ஐம்பதடி போகச் சொன்னால் மினி போகாது, ஆள் வைத்துத் தள்ளுவண்டியில் தள்ள வேண்டும். அதோடு வெளியே வாடகைக்கு விடுவது ஜேசிபி அளவுக்கு எளிது இல்லை, வீடு கட்டுகிறவர் போன் செய்து கேட்பதே ‘ஒரு ஜேசிபி அனுப்புங்க’ என்றுதான். பாப்கேட் என்கிற சின்ன லோடர் வண்டிகளையும் சிலர் சொல்வார்கள், கும்மிடிப்பூண்டியிலேயே தொழிற்சாலை இருக்கிறது, பக்கம்தான். அது அள்ளி நிரவுகிற வண்டி, உங்கள் வேலைக்கு முதல் வண்டியாக ஆகாது.

மண்ணையும் கணக்கில் எடுங்கள். திருவொற்றியூர், எண்ணூர் கடலோரம் மணல், நாலடியிலேயே தண்ணீர் ஊறும், பக்கவாட்டு சரியும். அங்கே கனமான வண்டியைக் குழி விளிம்பில் நிறுத்தினால் விளிம்போடு உள்ளே போகும். கொடுங்கையூர், வியாசர்பாடி களிமண் மழைக்குப் பிறகு பக்கெட்டை விட்டு வராது, டயர் வண்டி புதைந்தால் இழுக்க இன்னொரு வண்டி. நாலடிக்கு மேல் ஆழமான குழிக்குள் ஆள் இறங்குகிற வேலை என்றால், வண்டி எதுவாக இருந்தாலும் பலகை முட்டுக் கொடுக்காமல் ஆளை இறக்காதீர்கள். இது உங்கள் கேள்வியில் இல்லை, இருந்தாலும் சொல்கிறேன், இரண்டு பேரைக் குழியிலிருந்து தூக்கியதைப் பார்த்தவன் நான்.

வருஷத்தை ஒரே மாதிரி பன்னிரண்டு மாதம் என்று எண்ணியதுதான் பலர் செய்கிற தப்பு. வடகிழக்குப் பருவமழை நெருங்கும்போது மாநகராட்சி சாலை வெட்டுக்குத் தடை போடும், வீட்டு இணைப்பு வேலை அப்படியே நிற்கும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை உங்கள் 75 மணி நேரம் முப்பதாகிவிடும், ஈஎம்ஐ மட்டும் குறையாது. வெள்ளம் வந்தால் அடைப்பு எடுக்க, ஆகாயத்தாமரை வார வண்டி கேட்பார்கள், அது நல்ல ஓட்டம்தான், ஆனால் பில் எப்போது பாஸ் ஆகும் என்பது வேறு கதை. சப் காண்ட்ராக்டில் உங்களுக்கு மேலே இருக்கிறவருக்குப் பணம் வந்து, அவர் கையைக் கடந்து உங்களுக்கு வர மூன்று மாதம், நாலு மாதம் ஆவது உங்களுக்கே தெரியும். வாடகை வண்டிக்காரரிடம் ‘அண்ணே, பில் வரட்டும்’ என்று சொல்ல முடிகிறது. பைனான்ஸ்காரரிடம் சொல்லிப் பாருங்கள்.

இன்னொன்று. இந்த மூன்று நான்கு வருஷமாக நம் பக்கம் வண்டிக்கு நல்ல கிராக்கி இருந்தது என்றால், அதில் பெரும்பங்கு ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில் நடக்கிற கொசஸ்தலையாறு படுகை வடிகால் திட்டம். 3,000 கோடிக்கு மேல், திருவொற்றியூர், மணலி, மாதவரம் மண்டலங்கள் முழுக்கத் தோண்டினார்கள். மாதவரத்தில் மெட்ரோ இரண்டாம் கட்ட வேலை வேறு. அந்த ஓட்டத்தை நம்பி வண்டி வாங்கியவர்கள் ஏராளம். திட்டம் முடிய முடிய அந்த வண்டிகள் எல்லாம் மணி வாடகைக்கு வரும், 1,200 ரூபாய் 1,000 ஆகும். 1,000 ரூபாய்க்கு உங்கள் புது வண்டிக் கணக்கைத் திருப்பிப் போடுங்கள், மணிக்கு 400தான் மிஞ்சும், 288 மணி நேரம் ஓட வேண்டும். அதே நேரம் வாடகைக்கு எடுக்கிறவருக்கு அது கொண்டாட்டம். நீங்கள் இப்போது எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று யோசியுங்கள்.

ஆபரேட்டர் விஷயம். என்னிடம் வேலை செய்தவர்களில் பாதிப் பேர் திருவண்ணாமலை, கள்ளக்குறிச்சிப் பக்கத்துப் பையன்கள், நல்ல கை. நல்ல ஆபரேட்டர் ஒரே மணி நேரத்தில் எடுக்கிற குழியை அரைகுறை ஆள் ஒன்றரை மணி நேரம் எடுப்பார், அதற்குள் ஒரு தண்ணிக் குழாயையும் ஒரு கேபிளையும் அறுத்திருப்பார். மாதம் 75 மணி நேரம்தானே, நாள் கூலிக்கு ஆள் போடலாம் என்று தோன்றும். தன் வண்டி என்ற நினைப்பு இல்லாதவர் காலையில் கிரீஸ் அடிக்க மாட்டார். கிரீஸ் அடிக்காத கிங் போஸ்ட் (பின் கை திரும்புகிற மூட்டு) ஒரு வருஷத்தில் ஆட ஆரம்பிக்கும், அதைச் சரி செய்யும்போது நீங்கள் மிச்சம் பிடித்த சம்பளம் எல்லாம் வட்டியோடு போகும். டீசல் திருட்டைப் பற்றி நான் எழுதவே வேண்டாம். இப்போதைய வண்டிகளில் போனிலேயே எங்கே நிற்கிறது, எத்தனை மணி நேரம் சும்மா உறுமியது என்று பார்க்கிற வசதி வந்துவிட்டது, அது பாதி தலைவலியைக் குறைக்கும்.

இனி அந்த 2018 வண்டி. அதைப் பற்றி இரண்டே வரிதான் எழுதியிருக்கிறீர்கள், எத்தனை மணி நேரம் ஓடியது என்றும் இல்லை. மணி மீட்டரை நம்பவும் வேண்டாம், அதை மாற்றுவது அரை நாள் வேலை. நான் முதலில் கேட்பது வண்டி எங்கே ஓடியது என்பதை. என் சொந்தக் கதை சொல்கிறேன். பல வருஷத்துக்கு முன் பெயிண்ட் பளபளவென்று இருந்த ஒரு வண்டியை வாங்கினேன், மீட்டர் 4,000 சொச்சம் காட்டியது, விற்றவர் யார் என்பது இப்போது எதற்கு. மூன்றாவது மாதம் இஞ்சின் சூடாக ஆரம்பித்தது, ரேடியேட்டரைக் கழற்றினால் சிமெண்ட் மாதிரி சாம்பல் இறுகி இருக்கிறது. அனல் மின் நிலையச் சாம்பல் குட்டையில் வருஷக்கணக்கில் ஓடிய வண்டி. ஏர் ஃபில்டரைத் தாண்டி உள்ளே போன சாம்பல் இஞ்சின் சிலிண்டரின் உள்சுவரான லைனரைத் தேய்த்துவிட்டிருந்தது. இஞ்சின் இறக்கினேன். நம் வடசென்னையில் இப்படி மூன்று வகை வண்டி சந்தைக்கு வரும். சாம்பலில் ஓடியது, குப்பைமேட்டில் ஓடியது, கடலோரத்தில் ஓடியது. குப்பையில் ஓடிய வண்டியில் ஒயரிங் எல்லாம் அரித்திருக்கும், பெயிண்ட் அடித்தாலும் சீட்டுக்கு அடியில் வாடை போகாது. கடலோர வண்டிக்கு ஹைட்ராலிக் சிலிண்டர் ராடைப் பாருங்கள், பளபளக்கிற குரோமில் ஊசி குத்தினாற்போலப் புள்ளிகள் இருந்தால் ஆயில் சீல் ஒன்று விடாமல் போகும். நாலாவதாக ஒன்றும் உண்டு, தண்ணீரில் நின்ற வண்டி. 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் நம் பக்கம் எத்தனை யார்டு மூழ்கியது என்று உங்களுக்குத் தெரியும், அப்போது வண்டி எங்கே நின்றது என்று கேளுங்கள், கேபின் தரை ரப்பரைத் தூக்கிப் பாருங்கள்.

அப்புறம் பின் கையை முழுக்க நீட்டித் தரையிலிருந்து ஓரடி தூக்கி நிறுத்தச் சொல்லி, பக்கெட்டை இரண்டு பேர் பிடித்து இடமும் வலமும் ஆட்டுங்கள். ஆட்டம் எங்கிருந்து வருகிறது என்று காதாலேயே தெரியும். பின் கையின் பூம் அடியிலும் சேஸிஸிலும் வெல்டிங் தழும்பு இருக்கிறதா என்று புதுப் பெயிண்டுக்கு அடியில் தேடுங்கள். பிரேக்கர் மாட்டி ஓட்டிய வண்டியா என்று கேளுங்கள், எக்ஸ்ட்ரா பைப் லைன் ஓடியிருந்தால் கேட்கவே வேண்டாம், பேக்ஹோவில் பிரேக்கர் போட்டுக் கான்கிரீட் உடைப்பது முதுகெலும்பை உடைக்கிற வேலை. ஹைட்ராலிக் ஆயில் பால் மாதிரி வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர்.

ஆனால் நல்ல நிலையில் இருந்தால் 2018 வண்டிக்கு ஒரு சாதகம் உண்டு. 2021 ஏப்ரலில் நாலாம் நிலை புகை விதி வந்தது, 2025 ஜனவரியில் ஐந்தாம் நிலை. ஒவ்வொரு தடவையும் விலை ஏறியது, சென்சாரும் எலக்ட்ரானிக்ஸும் கூடியது. புது இஞ்சின் டீசல் குறைவாகக் குடிக்கிறது, புகை இல்லை, நல்லதுதான். கலப்பட டீசலையோ கேனில் வாங்கிய டீசலையோ ஊற்றினால் மட்டும் மன்னிக்காது, லேப்டாப் கொண்டு கம்பெனி ஆள் வர வேண்டும். பழைய வண்டியை நம் மாதவரம் மெக்கானிக் ஸ்பேனரோடு வந்து சரி செய்துவிட்டுப் போவார்.

பேப்பர் விஷயத்தில் அசட்டை வேண்டாம். நம்பர் பிளேட் இல்லாமல் யார்டுக்குள்ளேயே சுற்றுகிற வண்டிகளைப் பார்த்து, இதற்கெல்லாம் ஆர்சி எதற்கு என்று நினைத்துவிடாதீர்கள். ரோட்டில் ஓடுகிற ஜேசிபி சட்டப்படி மோட்டார் வாகனம், ரிஜிஸ்ட்ரேஷனும் இன்சூரன்ஸும் ஆபரேட்டருக்குச் செல்லுபடியாகிற லைசென்ஸும் வேண்டும். இன்சூரன்ஸ் இல்லாத நேரத்தில் பின்னால் எடுக்கும்போது ஒருவர் மீது ஏறிவிட்டால், நஷ்டஈடு முழுவதும் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டும். பழையது வாங்கினால் பைனான்ஸ் முடிந்தது என்கிற சான்று (என்ஓசி) கையில் வராமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். ஜிஎஸ்டி ரிஜிஸ்டர் செய்திருந்தால், புது வண்டிக்குக் கட்டுகிற 18 சதவீத வரியை உங்கள் பில் வரியில் கழித்துக்கொள்ளலாம், 38 லட்சத்தில் அது ஐந்து லட்சத்துக்கு மேல். ஆனால் கழிக்க அந்த அளவுக்கு பில் போட வேண்டுமே. உங்கள் வேலையில் பாதி ரொக்கத்தில் நடக்கிறது என்று ஊகிக்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள், உங்கள் ஆடிட்டரிடம் இதைத் தனியாகக் கேளுங்கள்.

சரி, அப்படியென்றால் என்னதான் செய்வது? ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். மூன்று மாதம், முடிந்தால் ஆறு மாதம், வாடகை வண்டி வருகிற ஒவ்வொரு நாளும் எழுதுங்கள். எந்தத் தெரு, எத்தனை மணி நேரம், அதில் முன் பக்கெட் எவ்வளவு, பின் கை எவ்வளவு, சும்மா நின்றது எவ்வளவு. வண்டி கிடைக்காமல் வேலை தள்ளிப்போன நாளையும் எழுதுங்கள், வாடகைக்கு எடுக்கிறவருக்கு இருக்கிற ஒரே உண்மையான நஷ்டம் அதுதான். இந்த நோட்டு உங்கள் கேள்விக்கு என்னைவிட நன்றாகப் பதில் சொல்லும். சந்து வேலைதான் அதிகம் என்று வந்தால், மினியை நாள் வாடகைக்கு நாலைந்து தடவை எடுத்துப் பாருங்கள், லாரிச் செலவோடு சேர்த்துக் கணக்கெழுதுங்கள். மணலி, மீஞ்சூர் பக்கம் வேலை கூடி, சொந்த மணி நேரம் மட்டும் 120-ஐத் தொட்டு, இன்னொரு காண்ட்ராக்டர் மாதம் 40 மணி நேரம் நிச்சயமாக எடுக்கிறேன் என்று சொன்னால், அப்போது ஒரு நல்ல பழைய ஜேசிபி வாங்குங்கள், நானே கூட வந்து பார்க்கிறேன். புதுசு அப்போதும் வேண்டாம்.

அதுவரை, இப்போது வண்டி கொடுக்கிறவரிடம் பேசுங்கள். மாதம் 75 மணி நேரம் எடுக்கிறவர் அவருக்குச் சின்ன வாடிக்கை இல்லை. நேரத்துக்குப் பணம் தருகிறேன், மாதம் இத்தனை மணி நேரம் உறுதி, மணிக்கு 1,100 போடுங்கள், ஒரே ஆபரேட்டரை அனுப்புங்கள் என்று கேளுங்கள். 100 ரூபாய் குறைந்தால் மாதம் 7,500. கடன் முடிந்த புது வண்டி உங்கள் 75 மணி நேரத்தில் மிச்சம் பிடித்துத் தருவதும் இதே 7,500தான், இதற்கு நகை அடகு வைக்க வேண்டியதில்லை.

நகையைத் தொடாதீர்கள். முன்பணத்தையே (மார்ஜின்) கடனாக வாங்கி மீதிக்கும் கடன் வாங்கினால் இரண்டு வட்டி ஓடும், நான் மேலே போட்ட கணக்கில் அந்த நகை வட்டி சேரவே இல்லை. கையில் இருக்கிற 3 லட்சம் பில் லேட்டாகிற மாதங்களுக்கு உங்களைக் காப்பாற்றும், அதை அப்படியே வையுங்கள்.

இவ்வளவு சொன்ன பிறகும் ஆசை விடாமல் அந்த 2018 வண்டியைப் பார்க்கப் போவீர்கள், தெரியும், நானும் இப்படித்தான் போனேன். போனால் சொல்லாமல் காலை ஆறு மணிக்குப் போங்கள், இஞ்சின் மேல் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், ராத்திரி ஆறிய இஞ்சின் காலையில் எப்படி ஸ்டார்ட் ஆகிறது என்பதை நீங்கள் பார்க்கக்கூடாது என்று யாரோ முன்கூட்டியே எழுந்திருக்கிறார். டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிடுங்கள்.